மந்தன் ஊரில் ஒரு மோட்டார்

நான் குச்சனூர்க்காரன் என்று சொன்னவுடனே, கேட்டவர் கை தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. "சனீசுவரன் கோயில் ஊரா?" என்று கேட்டுவிட்டு, நானே ஏழரைச் சனியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பவன் போல ஓரடி தள்ளி நிற்பவர்களும் உண்டு. ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் வந்து பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பஸ்கள் எல்லாம் எங்கள் ஊரை நோக்கியே ஓடி வருவது போலத் தோன்றும். சுரபி நதியில் முழுக்குப் போட்டு, எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். நாங்கள் அங்கேயே இருக்கிறோம்!

சனி பகவானுக்குச் சனைச்சரன் என்று ஒரு பெயர் உண்டு. மெல்ல நடப்பவன் என்று அதற்குப் பொருள். மந்தன் என்றாலும் அவர்தான். ஒரு கால் ஊனமானவர் என்று புராணம் சொல்கிறது. வான சாஸ்திரமும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை. பூமி ஒரு வருஷத்தில் சூரியனைச் சுற்றி வந்துவிட, சனிக் கிரகத்துக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் பிடிக்கிறது. இந்த முப்பது வருஷக் கணக்கை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் அது தேவைப்படும்.

அந்த மந்தன் ஊரில், கால் நடக்காத ஒருத்திக்காக ஒரு மோட்டார் செய்யப்பட்டது. செய்தவர் என் தாய்மாமன். செய்யப்பட்டது என் சித்திக்காக. மோட்டார் ஸைக்கிள் எஞ்சினைக் காரில் வைத்து ஓட்டும் கலைக்கு உலகத்தில் பெரிய சரித்திரம் ஒன்று இருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரியாது. எனக்கும் பிற்காலத்தில்தான் தெரிந்தது. தெரிந்தபோது மாமா இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

சித்திக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு கால்களும் சூம்பிப்போயின. ஆனால் கைகள் இரண்டும் இரும்பு. தையல் மிஷினைக் கையாலேயே சுற்றி ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தாள். அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. சின்னமனூருக்கு நூல்கண்டு வாங்கப் போவதென்றால் யாராவது அவளைத் தூக்கிப் பஸ்ஸில் வைக்க வேண்டும், தூக்கி இறக்க வேண்டும். "என்னைய மூட்டை மாதிரித் தூக்காத நாள் ஒண்ணு வருமாண்ணே?" என்று ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் மாமாவைக் கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை. கிணற்று ஆயில் எஞ்சின் பழுது பார்ப்பது அவர் தொழில். அதிகம் பேசாதவர். கோபமோ துக்கமோ வந்தால் கையில் கிடைத்த யந்திரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

1989-ல், எனக்கு ஒன்பது வயது இருக்கும், மாமா ஒரு புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கோ மரத்தில் மோதி, முன்பக்கம் முழுவதும் வளைந்து போன வண்டி. எஞ்சினுக்கு மட்டும் சேதமில்லை. இரும்பு விலைக்கு வாங்கியிருந்தார். "இதை வச்சு என்ன மாமா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"காரு," என்றார் மாமா.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மோட்டார் ஸைக்கிளைக் கழற்றிப் பார்ப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு குலகுருவே உண்டு. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. கிராமத்துக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் ஸைக்கிளைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் வேலை செய்து முந்நூறு ரூபாய் சேர்த்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி செய்வதோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டினார். 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டியதும், அது பெரிய போக்குவரத்து ஸ்தாபனமாக வளர்ந்ததும் எல்லோரும் அறிந்தது. 1952-ல் அவர் இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறு பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாயில் செய்து காட்டினார். உற்பத்தி செய்ய அரசாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

ஆனால் மோட்டார் ஸைக்கிள் எஞ்சினைக் காராக்கும் வித்தை நாயுடுவுக்கும் முன்னால் ஐரோப்பாவில் தொடங்கியது. 1909-ல் இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற மலையடி ஊரில் மார்கன் என்ற இளைஞர், இரட்டை ஸிலிண்டர் ப்யூஷோ எஞ்சினை மூன்று சக்கர வண்டி ஒன்றில் வைத்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 1910-ல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது ஒருவர் மட்டும் உட்காரும் வண்டியாக இருந்ததால் அவ்வளவாக விலை போகவில்லை. மறு வருஷம் இருவர் உட்காரும்படி செய்தார். பிறகு ஆர்டர்கள் குவிந்தன. அதே 1910-ல் பாரிஸில் பூர்போ, தெவோ என்ற இரண்டு வாலிபர்கள் 'பெதேலியா' என்ற விநோத வண்டியைச் செய்தார்கள். அதில் பிரயாணி முன்னால் உட்காருவார், ஓட்டுகிறவர் பின்னால் இருப்பார். விபத்து நேர்ந்தால் முதலில் யாருக்கு என்பதில் அவர்களுக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும்!

இந்த ரக வண்டிகளுக்கு 'ஸைக்கிள் கார்' என்று பெயர். கார் வாங்க முடியாத, ஆனால் மோட்டார் ஸைக்கிளில் மனைவியை மழையில் நனைய விட மனமில்லாத நடுத்தரக் குடும்பத்து மனிதருக்காக ஏற்பட்டவை. 1922-ல் ஆஸ்டின் ஸெவன் என்ற மலிவான உண்மைக் கார் வந்தவுடன் அவற்றில் பெரும்பாலானவை மறைந்தன. மார்கன் மட்டும் தப்பிப் பிழைத்தது.

மாமாவின் பட்டறைக்குத் திரும்புவோம். கிணறு போர் போட்டு மீந்த ஜி. ஐ. பைப்புகளை வளைத்து, வெல்டிங் வைத்து, கட்டில் போல ஒரு சட்டம் செய்தார். அதன் மேல் எஞ்சினை வைத்தபோதுதான் ஒவ்வொரு பூதமாகக் கிளம்பியது.

முதல் பூதம் வளைவு. நேராகப் போகும்போது நான்கு சக்கர வண்டி சாதுவாகத்தான் இருக்கும். திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டிச் சங்கிலியால் இழுத்தால், ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். உண்மைக் கார்களில் இதற்காக டிபரன்ஷியல் என்ற பல் சக்கரக் கூட்டம் இருக்கிறது. மோட்டார் ஸைக்கிளுக்கு ஏது அது? முதல் வெள்ளோட்டத்தில் கோயில் தெரு முனையில் வண்டி திரும்ப மாட்டேன் என்று அடம் பிடித்து, நேரே போய் ஒரு பூக்கடைப் பந்தல் காலை முட்டிக்கொண்டு நின்றது. மாமா பூக்காரம்மாளுக்குப் பந்தலைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்து, மூன்று நாள் வண்டிப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் பின்சக்கரம் இரண்டையும் கழற்றினார். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை முழமே இடைவெளி இருக்கும்படி நெருக்கி வைத்துப் பூட்டினார். முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். பார்க்க வாத்து நடப்பது போல இருந்தது. ஆனால் திரும்பியது!

இதைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1953-ல் இத்தாலியில் ஈஸோ கம்பெனி 'இஸெட்டா' என்ற முட்டை வடிவச் சிறு காரை வெளியிட்டது. மூக்கே கதவு. முன்புறத்தை அப்படியே திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். 1955-ல் ஜெர்மனியின் பி. எம். டபிள்யூ. கம்பெனி அதற்கு உரிமை பெற்று, தன் மோட்டார் ஸைக்கிளின் ஒற்றை ஸிலிண்டர் எஞ்சினையே அதில் வைத்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் வண்டிகளுக்கு மேல் விற்றன. அந்த இஸெட்டாவின் பின்சக்கரங்கள் இரண்டும் அரை மீட்டர் இடைவெளியில் ஒட்டி நின்றன. டிபரன்ஷியல் கிடையாது. மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது. இங்கிலீஷே தட்டுத் தடுமாறித்தான். ஆனால் இஸெட்டாவைச் செய்த எஞ்சினீயர்களும் குச்சனூர் மெக்கானிக்கும் ஒரே கஷ்டத்துக்கு ஒரே விடை கண்டார்கள். கஷ்டம் ஒன்றானால் புத்தியும் ஒன்றாகிவிடுகிறது போலும்.

இரண்டாவது பூதம் சூடு. புல்லட் எஞ்சினின் ஸிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓடும்போது எதிர்க் காற்று அவற்றின் ஊடே புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. அந்த எஞ்சினைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தால் காற்றுக்கு வழி ஏது? அதோடு இரண்டு பேரையும் பெட்டியையும் இழுக்கிற பாரம் வேறு. சித்தியை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை மேட்டில் ஏறியதும் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மாமா ஒரு பழைய மேஜை விசிறியின் இறக்கைகளை எடுத்துப் பெல்ட் போட்டுச் சுழல விட்டு, தகரத்தால் ஒரு குழாய் செய்து, காற்றை நேரே ஸிலிண்டர் மீது பாய்ச்சினார். பின்பக்கத்துப் பல் சக்கரத்தையும் பெரிதாக்கினார். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. "வேகம் எதுக்கு மாப்ளே? நம்மூருச் சாமியே மெதுவாத்தான் போறாரு," என்றார்.

மூன்றாவது பூதம் ரிவர்ஸ் கியர். மோட்டார் ஸைக்கிளுக்கு அது கிடையாது. இறங்கிக் காலால் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான். காலே நடக்காதவளுக்குச் செய்கிற வண்டியில் இது எவ்வளவு பெரிய குறை! இங்கிலாந்தில் 1949-ல் வெளிவந்த 'பாண்ட் மினிகார்' இதற்கு ஒரு தந்திரம் செய்தது. வில்லியர்ஸ் எஞ்சினை முன்சக்கரத்தின் மேலேயே ஏற்றி, எஞ்சினும் சக்கரமும் சேர்ந்தே திரும்பும்படி வைத்தார்கள். அதன் பிற்கால ரகங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் 'மெஸ்ஸர்ஷ்மிட்' இன்னும் விசேஷம். அதன் எஞ்சினையே நிறுத்தி எதிர்ப்பக்கமாகச் சுழல வைத்துக் கிளப்பலாம். எனவே முன்னால் போக நான்கு கியர், பின்னால் போகவும் நான்கு கியர்! மாமா இவ்வளவு தூரம் போகவில்லை. "பின்னால போறதுக்கா என் தங்கச்சி பொறந்தா?" என்று ஒரே வாக்கியத்தில் அந்த விஷயத்தை முடித்துவிட்டார். சித்தி சிரித்தாள். ஆனால் முட்டுச் சந்துக்குள் போகும்போதெல்லாம் ஊர்ப் பையன்கள்தான் பின்னாலே இழுத்து விட்டோம்.

மூன்று பூதங்களைச் சொன்னேன். ஒரு தெய்வத்தையும் சொல்ல வேண்டும். காரில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் காலுக்கு உரியவை. மோட்டார் ஸைக்கிளிலோ கிளட்ச் இடது கையில், ஆக்ஸிலேட்டர் வலது கையில். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலிலும் பின் பிரேக் இடது காலிலும் இருந்தன. அவை இரண்டையும் நீண்ட கம்பி வைத்துக் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், வண்டி முழுவதும் கையால் ஓடும். கிக்கரை உதைப்பதற்குப் பதிலாகச் சித்தி இழுக்க ஒரு நெம்புகோல். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து விட்டு, ஒரே இழுப்பு. தையல் மிஷின் சுற்றிய கை அல்லவா? மாமா இழுத்தால் மூன்று தரம் பிடிக்கும். அவள் இழுத்தால் ஒரே தரம்.

மோட்டார் ஸைக்கிள் எஞ்சின் கால் இழந்தவர்களுக்கென்றே பிறந்தது என்று மாமா சொல்லுவார். அது மிகையான பேச்சு என்று நினைத்தேன். சரித்திரம் அவர் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-ல், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பெர்ட் கிரீவ்ஸ் என்பவர் தம் ஒன்றுவிட்ட சகோதரர் டெரி பிரெஸ்டன்-காபுக்காக ஒரு வண்டி செய்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே பக்கவாதம். நாற்காலி வண்டியில் ஒரு சிறு எஞ்சினைப் பூட்டியதில் தொடங்கியது அது. பிறகு இருவரும் சேர்ந்து 'இன்வாகார்' என்ற கம்பெனியே ஆரம்பித்தார்கள். வில்லியர்ஸ் மோட்டார் ஸைக்கிள் எஞ்சின் வைத்த மூன்று சக்கர வண்டிகள். யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களுக்கும் மற்ற ஊனமுற்றோருக்கும் பிரிட்டிஷ் அரசாங்கமே அவற்றை வாங்கி இலவசமாகக் கொடுத்தது.

தோற்ற நாட்டிலும் இதே கதைதான். பிரிட்ஸ் பெண்ட் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் யுத்த காலத்தில் விமானத் துறையில் இருந்தவர். 1948-ல் காலிழந்த சிப்பாய்களுக்காக ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். முதலில் கைவலிவால் ஓடியது, பிறகு சிறு எஞ்சின் வைத்தார். விமானம் செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டு வேலையில்லாமல் இருந்த மெஸ்ஸர்ஷ்மிட் ஆலை அவருடைய யோசனையை எடுத்துக்கொண்டது. 1953-ல் வெளிவந்த வண்டிதான், நான்கு ரிவர்ஸ் கியர் என்று சற்று முன் சொன்னேனே, அந்த வம்சத்தின் முதல் குழந்தை. ஸோவியத் ரஷ்யாவும் ஊனமுற்றோருக்கென்று மோட்டார் ஸைக்கிள் எஞ்சின் வைத்த சிறு கார்களை ஆயிரக்கணக்கில் செய்தது. அந்த யுத்தத்தில் சண்டை போட்ட மூன்று தேசங்களும், சண்டை முடிந்தபின் ஒரே காரியத்தைத்தான் செய்தன!

இந்த எஞ்சின் இன்னொரு பக்கமாகப் போய்ப் பந்தய மைதானத்திலும் கொடி நாட்டியது. 1946-ல் கூப்பர் என்ற தந்தையும் மகனும் இரண்டு பழைய பியட் கார்களின் முன்பாகங்களை ஒட்டவைத்து, மோட்டார் ஸைக்கிள் எஞ்சினைப் பூட்டி ஒரு பந்தயக் கார் செய்தார்கள். சங்கிலியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வசதியாக எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே வைத்தார்கள். அந்தப் பழக்கம் அவர்களுடைய பெரிய கார்களுக்கும் தொற்றியது. 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் பின்-எஞ்சின் கூப்பரில் உலக சாம்பியன் ஆனபின், மற்றவர்களும் எஞ்சினைப் பின்னால் தள்ள வேண்டியதாயிற்று. நம் புல்லட்டின் உறவுமுறையும் கார் ஏறியதுண்டு. 1959-ல் இங்கிலாந்தின் பெர்க்லி கம்பெனி தன் சிறு ஸ்போர்ட்ஸ் காரில் ராயல் என்பீல்டு இரட்டை ஸிலிண்டர் எஞ்சினை வைத்தது. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்பீல்டு இந்தியா அப்போது புல்லட்டுகளைப் பூட்டிக்கொண்டிருந்தது.

நம் நாட்டிலும் டில்லியில் யுத்த காலத்து ஹார்லி டேவிட்ஸன் எஞ்சின் வைத்த 'பட்பட்டி'கள் நெடுநாள் ஜனங்களைச் சுமந்தன. புகையின் காரணமாக 1990-களின் கடைசியில் அவை தெருவை விட்டு மறைந்தன. ஸௌராஷ்டிரத்தில் புல்லட் எஞ்சின் பூட்டிய 'சக்கடோ' வண்டிகள் பருத்தியும் கடலையும் சுமந்தன. சென்னையில் மீன்பாடி வண்டியைப் பார்க்காதவர் யார்?

1990 பொங்கலுக்கு மறுநாள் சித்தி வண்டியை எடுத்தாள். நீல வர்ணம். இரண்டு ஸீட். பக்கத்தில் என் தாயார், மடியில் நான். கோயிலைச் சுற்றி, ஆற்றங்கரை வழியாக, வயல்களுக்கு நடுவே ஓட்டினாள். தெருவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. ரோட்டை மட்டுமே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "எறக்கி விடவா?" என்று மாமா கேட்டதற்கு, "இரு," என்றாள்.

ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் பதிவு செய்ய வேண்டும். அப்போது எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மாமா ஒரு லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஓர் ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த உத்தியோகஸ்தர் கெட்டவரல்ல. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, விசிறிக் குழாயைத் தொட்டுப் பார்த்து, "நீங்களே செஞ்சதா?" என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் மேஜையிலிருந்து புது மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். 1988-ல் நிறைவேறி 1989 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம். புத்தகத்தில் மை வாசனைகூடப் போயிருக்காது. ஊனமுற்றோர் வண்டி என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருந்தது. அவர்களுக்கென்றே விசேஷமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது.

"இது மாத்தினதுதானே? எஞ்சின் நம்பர் மோட்டார் ஸைக்கிள் நம்பர்," என்றார் உத்தியோகஸ்தர்.

"மாத்தல சார். கட்டினேன். என் தங்கச்சிக்குன்னே கட்டினேன்."

"கட்டினதுன்னா சேஸிஸ் நம்பர் எங்கே? கம்பெனி பேர் என்ன? சோதனை பண்ணின சர்டிபிகேட் எங்கே?"

மாமாவிடம் பெயர் இருந்தது. அது கம்பெனியின் பெயர் அல்ல. மாற்றியது என்றால் கூடாது. கட்டியது என்றால் கட்டுவதற்கு நீ யார்? இரண்டு கதவுக்கும் நடுவே மாமா நின்றார். திரும்பி வரும் வழியில் லாரியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் சித்திதான், "போகட்டும்ணே. தோப்புக்குள்ள ஓட்ட யாரு சர்டிபிகேட் கேக்கப் போறா?" என்றாள்.

தென்னந்தோப்புக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் இரண்டு வருஷம் ஓட்டினாள். சின்னமனூருக்கு ஒரு நாள்கூட அதில் போகவில்லை.

இங்கே கதையை முடித்தால் சட்டத்தைத் திட்டிவிட்டுப் போகலாம். நேயர்களும் ஆமோதிப்பீர்கள். ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே! 1992 மழைக்காலத்தில் வாய்க்கால் கரை இறக்கத்தில் பின் பிரேக்கின் கம்பி அறுந்தது. முன்சக்கரங்களுக்கு மாமா பிரேக் வைத்திருக்கவில்லை. வண்டி சரிந்து, வாழைக் கன்றுகளில் சிக்கி நின்றது. இன்னும் நான்கு முழம் போயிருந்தால் பெரியாற்றுத் தண்ணீர் நிறைந்து ஓடும் வாய்க்கால். நீந்தத் தெரியாதவள் அல்ல, நீந்த முடியாதவள் உள்ளே இருந்தாள். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்துவிட்டு, அன்றிரவே எஞ்சினைக் கழற்றினார். "அந்த ஆபீஸர் கேட்டது நியாயந்தான் மாப்ளே. ஆனா சோதிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னிருக்கலாம்ல? பிரேக்கைப் பார்த்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரே," என்றார்.

மாமாவின் இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. இன்வாகாரும் குறையற்ற வண்டி அல்ல. காற்றில் ஆடுகிறது, கவிழ்கிறது, ஒற்றை ஆள் மட்டுமே போகலாம் என்று ஆட்சேபங்கள் எழுந்தன. பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராததால் 2003 மார்ச்சில் அரசாங்கம் அவற்றை ரோட்டிலிருந்து அகற்றிவிட்டது. ஆனால் அதே பிரிட்டனில், வீட்டில் ஒருவர் தாமே கட்டிய ஒற்றைக் காரைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. 1998-லிருந்து அப்படிப்பட்ட ஒவ்வொரு வண்டியையும் அரசாங்கப் பரிசோதகர்கள் தனியே பார்க்கிறார்கள். பிரேக் சரியா, விளக்கு சரியா, கூர்மையான விளிம்பு ஏதும் உண்டா என்று. குறை இருந்தால் எழுதிக் கொடுப்பார்கள். திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். 'நீ யார்?' என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. 'வண்டி எப்படி?' என்பதுதான் முதல் கேள்வி.

நம் ஊரிலும் காலம் சும்மா இருக்கவில்லை. உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டிகளை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் ஆகஸ்டில் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற திருத்தச் சட்டம், ஊனமுற்றோர் விஷயத்தில் மட்டும் பழைய விளக்கத்தை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றை வைத்தது. விசேஷமாகக் கட்டப்பட்ட வண்டியும் சரி, சட்டப்படி மாற்றியமைத்த வண்டியும் சரி, இரண்டும் அவர்களுக்கான வண்டியே என்றது அது. மாமாவை மடக்கிய அந்த ஒரு வார்த்தை போய்விட்டது.

அமலுக்கு வந்தது 1989. மாறியது 2019. முப்பது வருஷம்! சனி பகவான் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். மந்தன்தான், ஆனால் வராமல் இருப்பவர் இல்லை.

மாமாவின் வண்டி இன்றும் பதிவாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடியோடு கட்டிய ஒற்றை வண்டியைத் தனியே சோதித்துப் பார்க்க நம்மிடம் எளிய வழி ஒன்றும் ஏற்படவில்லை. கோயமுத்தூரில், அந்த ஊர்க்காரரான கரிவரதன் பெயர் தாங்கிய பந்தயப் பாதையில், நாடெங்குமிருந்து எஞ்சினீயரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை ஸீட் கார்களைக் கொண்டுவந்து போட்டி நடத்துகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு உயிர் மோட்டார் ஸைக்கிள் எஞ்சின்தான். ஓடுமுன் பரிசோதகர்கள் ஒவ்வொரு திருகாணியையும் பார்க்கிறார்கள். ஒரு வருஷம் போய்ப் பார்த்தேன். பிரேக்கில் குறை கண்டு திருப்பி அனுப்பப்பட்ட ஒரு காரை நாலு பையன்கள் தள்ளிக்கொண்டு ஓடி, சரி செய்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த என் கண் கலங்கியது. பக்கத்திலிருந்தவர் வெயில் என்று நினைத்திருப்பார்.

சித்தி இருக்கிறாள். அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டாள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று அரசாங்கத்தில் கொடுத்தார்கள். சின்னமனூருக்கு அதில் தானே போய் வந்தாள். இப்போது தோள் வலி, அதிகம் எடுப்பதில்லை. நீல வண்டியின் கூடு மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கிடக்கிறது. கோழி அடைகிறது. புல்லட் எஞ்சினை மாமா கடைசிவரை விற்கவில்லை. எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

சென்ற ஆடிச் சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது இந்தச் சரித்திரம் முழுவதையும் சித்திக்குச் சொன்னேன். மியூனிக், எஸ்ஸெக்ஸ், நான்கு ரிவர்ஸ் கியர் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த வெள்ளைக்காரன் வண்டில எத்தனை பேரு உக்காரலாம்?" என்றாள்.

"ஒருத்தர்தான் சித்தி."

"எங்கண்ணன் ரெண்டு ஸீட்டு வச்சாரு," என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தாள்.